அவங்க சொன்ன வார்த்தையும் நாம போடுற நம்பரும்

(வட்டார அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர்கள், ஊக்குநர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் எங்கள் களக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டு வேலையை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். மதியம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நீங்கள் ஊராட்சி ஊராட்சியாக எடுத்துக் கொடுத்த கணக்கெடுப்புப் படிவங்கள் இதோ மேஜைமேல் இருக்கின்றன. டிக் அடிக்கிற கேள்விகளை எண்ணி முடித்துவிட்டோம். சேமிப்பு எவ்வளவு, ரேஷன் கார்டு உண்டா இல்லையா என்பதெல்லாம் கூட்டிப் போட்டால் வந்துவிடும். மிச்சம் இருப்பது கடைசிப் பக்கம். "குழுவை விட்டு ஏன் விலகினீர்கள்?", "வெளியில் கடன் வாங்க வேண்டி வந்தது ஏன்?" என்று கேட்டு, கீழே நான்கு கோடு விட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருந்தோம். திறந்த கேள்வி என்று சொல்வது இதைத்தான். நம் படிவத்திலேயே உயிருள்ள பக்கம் அதுதான் என்பது எங்கள் கருத்து. எண்ணுவதற்குக் கஷ்டமான பக்கமும் அதுவேதான்.

வங்கி மேலாளரிடமோ திட்ட அலுவலரிடமோ போய் இத்தனை பேர் சொன்னதையும் படித்துக் காட்ட முடியாது. "எத்தனை பேர் அப்படிச் சொன்னாங்க?" என்றுதான் கேட்பார்கள். அதற்குத்தான் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியீட்டு எண், அதாவது கோட் நம்பர் போடுகிறோம். ஒரே மாதிரிக் காரணத்துக்கு ஒரே நம்பர். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லீங்களா? எங்கே சிக்குகிறது என்று பாருங்க.

குழுவை விட்டவர்கள் இப்படியெல்லாம் சொல்வார்கள். "கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா வீட்ல அடி விழுது." "மாமியார் படுத்த படுக்கையா கெடக்கு, விட்டுட்டு வர முடியல." "வூட்டுக்காரர் சேமிப்புப் பணத்தை எடுத்துக் குடிச்சிட்டாரு." "பொண்ணு கல்யாணத்துல கடனாயிடுச்சு, தவணை கட்ட வழியில்ல." ஒரு கணக்காளர் இந்த நான்குக்கும் 'குடும்பப் பிரச்சினை' என்று ஒரே நம்பர் போடலாம். அடுத்த ஊராட்சிக் கணக்காளர் மூன்றாவதையும் நான்காவதையும் 'பணக் கஷ்டம்' என்று போடலாம். இரண்டு பேருமே மனசாரத்தான் செய்கிறார்கள். ஆனால் அறிக்கை வரும்போது, ஒரு ஊரில் குடும்பப் பிரச்சினை அதிகம், பக்கத்து ஊரில் பணக் கஷ்டம் அதிகம் என்று வரும். ஊரில் வித்தியாசமே கிடையாது, நம்பர் போட்ட கையில்தான் வித்தியாசம்.

அதோடு போவதில்லை. அடி வாங்குகிற அக்காவுக்கு 181 உதவி எண்ணும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் கீழ் பாதுகாப்பு அலுவலரும், கூடப்போய் நிற்க நாலு பெண்களும் வேண்டும். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. கூட்ட நேரத்தை மாற்றினாலோ, மாதம் ஒருமுறை கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தாலோ திரும்பி வந்துவிடுவார். தவணை கட்ட முடியாதவருக்குத் தவணையை மாற்றிப் போட வேண்டும். மூவரும் 'குடும்பப் பிரச்சினை' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விட்டால், கூட்டமைப்பு என்ன தீர்மானம் போடும்? 'குடும்ப நலன் பற்றி விழிப்புணர்வு முகாம் நடத்தலாம்' என்று போடும். ஷாமியானா, மைக், டீ, பிஸ்கட். அடி விழுவது அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு வார்த்தை, 'குழு லோன்'. நம் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடனையும் குழு லோன் என்கிறார்கள். தனியார் நிதி நிறுவனம் பத்துப் பேரை உட்கார வைத்து வாராவாரம் வசூல் செய்கிறதே, அதையும் குழு லோன் என்றுதான் சொல்கிறார்கள். "குழு லோன் கட்ட முடியாம விட்டுட்டேன்" என்று படிவத்தில் இருந்தால் எந்தக் குழு? வாரத் தவணையா, மாதத் தவணையா என்று கேட்டு எழுதியிருந்தால் தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. இதில் நம்பர் மாறிப் போனால், வெளிக் கடனால் நொறுங்கிப் போனவரின் கணக்கு நம் குழுவின் தலையில் விழும்.

இது நம் வட்டாரத்தோடு நிற்கிற சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2011-இல் நாடு முழுக்கச் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு நடந்தது. சாதிப் பெயர்களுக்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரிக்காமல், மக்கள் சொன்னதைக் கணக்கெடுப்பாளர்கள் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து நின்றன. 1931 கணக்கெடுப்பில் இருந்தவை 4,147. ஒரே சாதியை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியதும் இதற்கு ஒரு காரணம் என்று 2021-இல் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அத்தனை கோடி வீடு ஏறி இறங்கிய உழைப்பு, சாதி விவரத்தைப் பொறுத்தவரை பயன்படாமல் போயிற்று.

பட்டியல் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. யார் பட்டியல் போடுகிறார்கள் என்பதும் இருக்கிறது. வேலைவாய்ப்பு பற்றிய அரசு மாதிரி ஆய்வுகளில் 92, 93 என்று இரண்டு நம்பர்கள் நெடுங்காலமாக உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92. வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகு பொறுக்கி, கீரை பறித்து, மாட்டுக்குப் புல் அறுத்து, துணி தைக்கிறவருக்கு 93. இரண்டு நம்பருமே உழைப்பாளர் கணக்கில் சேராது. "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்கேன்" என்று நம் பெண்களே சொல்வார்கள். அந்தப் 'சும்மா'வுக்குள் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைவிடக் கொடுமை. வீட்டு வேலை செய்யும் பெண்களை, பிச்சை எடுப்பவர், பாலியல் தொழிலில் இருப்பவர், சிறைக் கைதி ஆகியோரோடு சேர்த்து உழைக்காதவர் வகையில் வைத்திருந்தார்கள். 2010 ஜூலையில், விபத்தில் இறந்த ஒரு இல்லத்தரசிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. நம்பர் போட்டவருக்கு அது ஒரு கட்டம்தான். செத்துப்போன பெண்ணின் உழைப்புக்கு விலை பேசும் இடம்வரை அந்தக் கட்டம் போகிறது.

பட்டியலை நன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019-இல் தேசிய அளவில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐ.நா. வகுத்த வேலைப் பட்டியலின்படி நம்பர் போட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம் என்று வந்தது. 2024-இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பட்டியல் மாறாததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நமக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, பாருங்க. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்க!

(சிரிப்பு)

இப்போது நம் வேலைக்கு வருவோம்.

பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துப் போடக் கூடாது. படிவத்திலிருந்துதான் அது பிறக்க வேண்டும். வேறு வேறு ஊராட்சிகளிலிருந்து கலந்து ஐம்பது பதில்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, தரையில் பரப்புங்கள். கோலம் போடுகிற இடம் அளவுக்கு வேண்டும். ஒன்றுபோல இருப்பவற்றைச் சேர்த்துச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். அந்த அட்டைதான் அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், நீங்கள் மாறிப்போய் வேறு கணக்காளர் வந்தாலும் கூடவே வரும்.

அட்டையில் நம்பர் இருக்கும், பெயர் இருக்கும். எது இதில் வரும், எது வராது என்று இருக்கும். கடைசியில் உறுப்பினர் சொன்ன வார்த்தை அப்படியே இரண்டு மூன்று இருக்கும். ஒன்றைப் படித்துக் காட்டுகிறோம்.

"நம்பர் 04. பெயர்: வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டியிருத்தல். வரும்: முதியோர், நோயாளி, மாற்றுத் திறனாளி, கைக்குழந்தை, மகளின் பிரசவம். வராது: மருத்துவச் செலவால் பணம் கட்ட முடியாமை (அது 06), வெளியே போகக் கூடாது என்று வீட்டார் தடுத்தல் (அது 02). சொன்னது: 'மாமியார் படுத்த படுக்கையா கெடக்கு', 'பேரப்புள்ளைய யார் பாத்துக்குவா'."

இதில் 'வராது' என்ற வரிதான் முக்கியம். எங்களைக் கேட்டால், மற்ற வரிகளைவிட அதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள் என்போம். சண்டை வருவதெல்லாம் எல்லைக் கல்லில்தான், நிலத்தின் நடுவில் யாரும் சண்டை போடுவதில்லை.

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு ஊரில் 'நூறு நாள் வேலை' என்று சொன்னதைப் பக்கத்து ஊரில் 'ஏரி வேலை' என்பார்கள். 'காட்டு வேலை' என்றால் சில பக்கம் விவசாயக் கூலி. வெளியூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை அதைப் படித்து, காட்டில் விறகு வெட்டுவதாக நினைத்துக்கொள்ளும். அட்டையில் இரண்டு பெயரும் இருந்தால் குழப்பம் இல்லை.

ஒருவர் இரண்டு காரணம் சொன்னால்? இரண்டுக்கும் நம்பர் போடுங்கள். படிவத்தில் அதற்கென்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். அப்படிச் செய்தால் காரணங்களின் கூட்டுத்தொகை ஆட்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக வரும். கூட்டல் தப்பு என்று யாராவது சொல்வார்கள். 'ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்லியிருக்கலாம்' என்று அறிக்கையின் கீழே ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

'மற்றவை' என்ற கட்டம் அவசியம் இருக்கட்டும். ஆனால் அது வீட்டுப் பரண் மாதிரி. எதையும் தூக்கிப் போடலாம், பிறகு யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. பத்தில் ஒரு பதிலுக்கு மேல் அங்கே சேர்ந்துவிட்டால் இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதுக் காரணம் எதுவும் முதலில் அங்கேதான் வந்து விழும். 'பதில் சொல்லவில்லை' என்பதற்குத் தனி நம்பர். பேசாமல் இருந்தவரை 'மற்றவை'யில் சேர்க்காதீர்கள்.

நம்பரை மாற்றக் கூடாது. 07 இனித் தேவையில்லை என்றால் அந்த அட்டையில் தேதி போட்டு மூடி வையுங்கள், வேறு காரணத்துக்கு அந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். புதுக் காரணத்துக்கு அடுத்த புது நம்பர். ஒரு நம்பரை இரண்டாகப் பிரித்தால் பழைய படிவங்களையும் எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். செய்யாவிட்டால் போன வருஷக் கணக்கை இந்த வருஷத்தோடு ஒப்பிட முடியாது.

இந்தப் பட்டியல் எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'பெண் ஏன் பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள்?' என்ற கேள்விக்குக் குழு விலகல் பட்டியலைப் பிடித்து மாட்டாதீர்கள். அட்டையின் அமைப்பு அதேதான், உள்ளே இருப்பதை அந்தக் கேள்வியின் பதில்களிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 01 என்றால் வீட்டில் அடி, உதை என்று எல்லாக் கணக்காளருக்கும் தெரியும். உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் 01 என்று எழுதிய தாள் ஊராட்சிக் கூட்டத்தில் கைமாறினால், அன்று ராத்திரியே அந்த அக்காவுக்கு இன்னொரு அடி விழும். ஆகவே நம்பர் போடும் தாளில் பெயர் வேண்டாம், படிவ எண் மட்டும் போதும். ஒரு ஊரில் ஓரிருவர்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், ஊர் வாரியாகக் காட்டாமல் வட்டார மொத்தத்தில் மட்டும் சேருங்கள். உதவி தேவைப்படுகிறவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டும். அதற்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். சொந்த ஊர்ப் படிவத்தை யாரும் எடுக்க வேண்டாம், பக்கத்து ஊராட்சியுடையதை எடுங்கள். ஒரே முப்பது பதில்களுக்கு இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நம்பர் போடுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே மாறுகிறது என்று வட்டம் போடுங்கள். யார் சீனியர் என்று பார்த்து விட்டுக்கொடுக்க வேண்டாம். வட்டம் விழுந்த ஒவ்வொரு இடத்திலும், எந்த அட்டையில் எந்த வார்த்தை தெளிவாக இல்லை என்று மட்டும் எழுதிக் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த அட்டைகளை எல்லோருமாகச் சேர்ந்து திருத்துவோம்.