கத்தரி பட்ட குவார்க்

நியூட்ரான் நட்சத்திரத்தோட நடுவுல என்ன இருக்கு? குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனா நிறை சூரியனை விட அதிகம். அந்த நெருக்கடியில நியூட்ரான்களே உடைஞ்சு, உள்ளே இருக்குற குவார்க்குகள் வெளிய வந்திருக்கலாம்னு ஒரு சந்தேகம் உண்டு. போய்ப் பார்க்க முடியாது, கணக்குதான் போடணும்.

அசல் கோட்பாடு கியூசிடி. சூடான, அடர்த்தி குறைந்த பொருளுக்கு அதை சூப்பர் கம்ப்யூட்டர்ல நேரடியா போட்டுடலாம். அடர்த்தி ஏறினா, கூட்டவேண்டிய எண்கள் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கணக்கு படுத்துடும். இதுக்கு சைன் பிராப்ளம்னு பேரு.

அதனால எளிமையான மாடல்களுக்குப் போறாங்க. 1961-ல நம்புவும் ஜோனா-லசினியோவும் எழுதின மாடல் ரொம்பப் பிரபலம். அதுல குவார்க்குகள் ஒரே புள்ளியில மோதிக்கும். (முதல்ல அது குவார்க்குக்காக எழுதினதே இல்லை, அது வேற கதை.) சிக்கல் என்னன்னா, எல்லா உந்தங்களையும் கூட்டினா விடை முடிவிலி. அதனால ஏறக்குறைய 650 எம்இவிக்கு மேல எதையும் கூட்டாதேன்னு கத்தரி போடுவாங்க. இதுதான் கட்-ஆஃப். முடிவிலியை இப்படி அடக்குற வேலைக்குப் பேரு ரெகுலரைசேஷன். பாலி-வில்லார்ஸ், புராப்பர் டைம்னு வேற வழிகளும் இருக்கு. அந்த 650 சும்மா வந்த எண் இல்லை. பையானோட நிறை மாதிரி ஆய்வகத்துல அளந்த விஷயங்கள் சரியா வரணும்னு பொருத்தி எடுத்தது.

வெற்றிடத்துல இது நல்லாவே ஓடும். அடர்ந்த பொருள்ல குவார்க்குகள் கீழிருந்து மேலா நிரம்பும், மேல்மட்டம் 400, 500 எம்இவின்னு கத்தரியை நெருங்கிடும். குவார்க்குகள் ஜோடி சேர்றதோ பெரும்பாலும் அந்த மேல்மட்டத்துலதான். பழைய முறையில அடர்த்தி ஏற ஏற ஜோடியோட பலம் கூடி, அப்புறம் குறைஞ்சு, காணாமலே போயிடுது. தலை வெட்டுப்பட்ட போட்டோவைப் பார்த்து ஆள் குட்டைன்னு சொல்ற மாதிரி!

2006-ல பிரேசில்ல ஃபாரியாஸ், கிரெயின் உள்ளிட்டவங்க ஒரு வழி சொன்னாங்க. முடிவிலி வர்றது வெற்றிடப் பகுதியில மட்டும்தான். அதைத் தனியா பிரிச்சு அங்கே மட்டும் வெட்டு. அடர்த்தியைச் சார்ந்த பகுதி தானாவே அடங்கிடும், அதைத் தொடாதே. இப்படிப் போட்டா ஜோடி காணாமப் போறதில்லை.

இது சரின்னு எப்படி நம்பறது? இடக்கை, வலக்கை குவார்க்குகள் எண்ணிக்கை சமமில்லாத பொருளுக்கு சைன் பிராப்ளம் கிடையாது, கம்ப்யூட்டரே விடை சொல்லும். சமமின்மை கூடினா, குவார்க்குகளோட நிலைமாற்ற வெப்பநிலையும் ஏறுதுன்னு அது காட்டுச்சு. பழைய கத்தரிக் கணக்குல அது இறங்கிச்சு. பிரிச்சு வெட்டினதுல ஏறிச்சு. எனக்கு இதுதான் பலமான ஆதாரமாப் படுது.

ஆனா 650-ஐத் தாண்டியும் அந்த மாடலையே நம்பலாமாங்கற கேள்வி அப்படியேதான் நிக்குது. நட்சத்திரத்தோட நடுப்பகுதி அந்த எல்லைக்கு ரொம்பப் பக்கத்துலதான் இருக்கு.