பிள்ளைக்கு என்று ஒரு பாத்தி
(தாய்மார் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். “நம்ம பிள்ளைங்க உருவமே சின்னதுதானே” என்று இதை விட்டுவிட முடியாது. வருமானம், நோய், தாயின் உடல்நிலை என்று காரணங்கள் பல. ஒரு கிழங்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளையின் தட்டை மாற்ற நாமே செய்யக்கூடியதும் உண்டு. ஆபிரிக்காவில் மொசாம்பிக் நாட்டுக் கிராமத்துத் தாய்மார் அதைச் செய்து காட்டினார்கள்.

அங்கே வத்தாளை பழகிய பயிர்தான். ஆனால் வெள்ளைக் கிழங்கு. வயிறு நிறையும், விட்டமின் ஏ கிடைக்காது. அந்தச் சத்துக் குறைந்தால் பிள்ளையின் கண் கெடும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் வத்தாளையில் அது நிறைய உண்டு. சின்னப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 125 கிராம் போதும்.

கொடியைக் கொடுத்தவுடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பெரியவர்களுக்கு மாப்பிடிப்பான கிழங்குதான் பிடிக்கும். புதுக்கிழங்கு தண்ணியாக இருந்தது. வரட்சியில் கொடியும் காய்ந்தது. மரியா அந்திராதே என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் பாடுபட்டு, 2011இல் வரட்சி தாங்கும் 15 இனங்களை வெளியிட்டார்கள். 2016இல் அவருக்கும் வேறு மூவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சம்பேசியா மாகாணத்தில் கொடியோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு எப்படிச் சமைத்து ஊட்டுவது என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை விற்கவும் வழி செய்தார்கள். பிறகு இரத்தம் சோதித்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு விட்டமின் ஏ கூடியிருந்தது.

நம்ம கதை என்ன? லயத்துப் பக்கத்தில் போஞ்சி, லீக்ஸ், கரட் போடுறோம். நல்லதெல்லாம் கடைக்குப் போகுது. பிள்ளைக்கு ரொட்டியும் தேத்தண்ணியும். விற்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம், காசும் வேணும்தானே. ஒரு பாத்தியை மட்டும் பிள்ளைக்கு என்று ஒதுக்குங்கள். அதில் விளைவதை விற்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வரும் தாயின் தலையில் இதையும் சுமத்தக்கூடாது. தகப்பனும் மண்வெட்டியைத் தூக்க வேணும்.

சூடான கீழ்த்தோட்டங்களுக்குச் செம்மஞ்சள் வத்தாளை நல்லது. கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி கொடித்துண்டை நட்டால் நாலைந்து மாதத்தில் கிழங்கு. இளம் இலையையும் சுண்டலாம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வத்தாளை சரியாக வராது. அங்கே கரட்டிலேயே இந்தச் சத்து இருக்கு.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு அவித்து, மசித்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். வளர்ச்சிக்குப் பருப்பு, முட்டை, நெத்தலியும் வேணும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீங்க. இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது.

பிள்ளையை நிறுக்கும் நாளில் கார்டைப் பாருங்கள். கோடு ஏறாவிட்டால் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். உங்கள் பாத்தியில் கொடி படர்ந்ததும் ஒரு கட்டை வெட்டி அடுத்த காம்பராவுக்கும் கொடுங்கள்.