உண்டா, இல்லையா?



"கடவுள் உண்டா, இல்லையா? உமது கருத்தென்ன?" கரியாலூர் மேடையேறும் முன்பே கேள்வி என்னை வந்தடைந்துவிட்டது. கல்லூரி விடுதியிலே விடிய விடிய இதே வாதம் புரிந்தவன்தான் நான். வாதமும் முடியவில்லை, படிப்பும் முடியவில்லை! இன்றோ, அந்த வழக்கிலே நான் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன். தீர்ப்பு எப்படியாயினும், நாளை நாம் ஆற்றவேண்டிய பணி அணுவளவும் மாறாது.

விந்தையாக இருக்கிறதா? இந்தக் கல்வராயன் மலையையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பக்தியிலே எவருக்கும் இளைத்தவரல்லர். கரிராமனைத் தொழுதனர், மாரியைத் தொழுதனர். 1947இலே நாடு விடுதலை பெற்றது. மலை? ஜாகீர்தாரர் பிடியிலே! 1976இலேதான் அரசின் கைக்கு வந்தது. இடையிலே 29 ஆண்டுகள்! அந்தப் பிடியை அகற்றியது எது? கடவுள் உண்டென்ற நிரூபணமா? இல்லையென்ற நிரூபணமா? இரண்டுமன்று, மனிதர் இயற்றிய சட்டம்!

இப்படிப் பேசுவோரில் முதல்வன் நானல்லன். பிரெஞ்சு அறிஞர் திதரோ, 1749இலே வால்டேருக்கு மடல் தீட்டினார். நச்சுச் செடியைக் கீரையென்று கருதி ஏமாறாதிருப்பது மிக முக்கியம். கடவுளை நம்புவதோ நம்பாததோ முக்கியமன்று என்பது அவர் கருத்து.

குறும்புப் பேச்சென்றே எண்ணியிருந்தேன். 2024 ஜூன் திங்களிலே, மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே, அதன் பொருள் நெஞ்சைச் சுட்டது. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நீறு பூசிய நெற்றி என்று அந்த நஞ்சு நின்றதா? நாத்திகன் நாக்கு என்று விலகியதா?

"அப்படியானால், ஆண்டவன் பெயரால் மனிதனைத் தாழ்த்தினாலும் வாளாவிருப்பீரோ?" என்பீர்கள். இரோம்! தாழ்த்துவோனை எதிர்ப்போம், தொழுவோனையல்ல. 1967இலே சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய சட்டம், புரோகிதர் இன்றியும் மணம் செல்லும் என்றது. கடவுளை நம்புகிறாயா என்று மணமக்களைக் கேட்கவில்லை. அதுவே நம் வழி.

ஆகவே தோழர்களே, மலையூர்களுக்குச் செல்லுங்கள். குடிசை வாயிலிலே நின்று, கும்பிடுகிறாயா என்று கேளாதீர். பட்டா உண்டா, இல்லையா? பாதை உண்டா, இல்லையா? பள்ளியிலே ஆசிரியர் உண்டா, இல்லையா? இதைக் கேளுங்கள்! இல்லையென்று பதில் வந்தால், அங்கே தொடங்கட்டும் நம் வாதம். உண்டென்று ஆகும்வரை ஓயாதிருக்கட்டும்!