வேப்பிலையும் ஊசியும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"சாமி கும்பிடுகிறவர் பகுத்தறிவோடு இருக்க முடியுமா?" என்று சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். முடியும் என்பேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

நாள்தோறும் பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிறீர்கள். நான் புத்தகத்தில் எழுதும் இலக்கத்தையும் எட்டிப் பார்க்கிறீர்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று யாரும் போய்விடுவதில்லை. காலையில் அம்மனைக் கும்பிட்டு வந்தவர்தாம் முள்ளையும் பார்க்கிறார். பக்தியும் பகுத்தறிவும் ஒரே ஆளிடம் இருக்கின்றன அல்லவா?

பிள்ளைக்கு நோய் வந்தால் மட்டும் அந்தக் கண் ஏன் மூடிக்கொள்கிறது?

பெரியம்மையை மாரியம்மனின் வருகை என்றனர் நம் முன்னோர். வாசலில் வேப்பிலை செருகி, வெளியாரைத் தடுத்தனர். ஒட்டும் நோய்க்கு அந்தத் தடை நல்லதே. ஆயினும் நோயை ஒழித்தது, 1796இல் எட்வர்ட் ஜென்னர் காட்டிய அம்மை குத்தும் முறையே. இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில் கண்டது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததென அறிவித்தது.

நோய் போயிற்று, அம்மன் போய்விட்டாளா? 1873இல் தோன்றிய கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. நம் தோட்டத்துத் திருவிழாவும் நிற்கவில்லை. அம்மை குத்தினால் தெய்வக் குற்றம் என்ற பயந்தான் பொய்யாயிற்று.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். தங்கை பிள்ளைக்குத் தட்டம்மை கண்டது. அதற்கும் ஊசி உண்டு, நாங்கள் போடவில்லை. "அம்மா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்காதே" என்றார்கள் பெரியவர்கள். படித்த நானும் வாயடைத்து நின்றேன். நான்காம் நாள் மூச்சுத் திணறிய பிறகே ஓடினோம். பிள்ளை பிழைத்தது. ஆனால் ஒரு காது இன்று கேட்பதில்லை. அந்தப் பிழை அம்மனுடையதன்று, எங்களுடையது.

ஆகவே என் நிபந்தனை இதுதான்: சோதித்துப் பார்க்கக் கூடியதைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். தெய்வம் உண்டா என்பதை அவரவர் மனம் தீர்மானிக்கட்டும். திருநீறு பூசியவரும் சுயமரியாதைக்காரரும் நம் சங்கத்தில் ஒரே பெஞ்சில்தான் அமர்கிறார்கள். காய்ச்சலுக்கு என்ன செய்வது என்பதை மருத்துவம் தீர்மானிக்கட்டும்.

தோழர்களே! இன்றிரவு விளக்கேற்றிக் கும்பிடுங்கள். கையோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஊசி விட்டுப்போயிருந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக் கொண்டுபோங்கள். அன்றைய வேலைக்கு விடுப்புக் கிடைக்காதென்றால் என்னிடம் வாருங்கள், சங்கம் பேசும்.