கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே குடிக்க வேண்டும்." சுகாதாரப் பாடத்தில் இங்கே நான் படித்த விதி இது. வைத்தியரான பின்னும் தாய்மாருக்கு இதையே சொல்லி வந்தேன்.

ஒரு நாள் வலிகாமத்துத் தாயொருவர் கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தார். "தோட்டக் கிணத்துத் தண்ணிதான் டொக்டர். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் பால்மா கரைக்கிறனான்" என்றார். பாராட்டி அனுப்பினேன். வீடு திரும்பும்போதுதான் என் பிழை உறைத்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும். அடுத்த நாளே குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றைய பாராட்டை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லில் தங்குவதே எங்கள் நன்னீர். வெடிப்புள்ள அந்தக் கல் நீரை விரைவாக உள்ளே விடும், நன்றாக வடிகட்டாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கிணற்றுக்கு வருகிறது. மலசலகூடக் குழியிலிருந்தும் அப்படியே. எருவும் அளவு மீறினால் இதே கதைதான்.

இது புதிய செய்தியல்ல. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று மாசு பற்றிய ஆய்வு 1988இலேயே வெளிவந்தது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கே ஆபத்து அதிகம். உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்று நீரால் குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்ந்ததை 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டொக்டர் ஹன்டர் கொம்லி எடுத்துரைத்தார்.

தாய்மாரே, முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் குடிக்கும் நீரிலுள்ள நைத்திரேற்று பாலில் மிகச் சிறிதளவே சேரும். பால்மா தவிர்க்க முடியாவிட்டால், பரிசோதித்த நீரில் கரையுங்கள். நிறமும் மணமும் சுவையும் இல்லாத இதை நாக்கு கண்டுபிடிக்காது. தோட்டக்காரப் பெற்றோரே, பசளையைப் பல தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பெருமழைக்கு முன் போடாதீர்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக் கிணற்று நீரை ஆண்டுக்கு இரு முறை, மாரி முடியவும் கோடை முடியவும், பரிசோதிப்போம். கிடைக்கும் அளவை மாணவிகளே கிணற்றடிப் பலகையில் எழுதட்டும். அதைப் பார்த்து வளரும் பிள்ளை தன் வீட்டுக் கிணற்றைப் பற்றியும் கேட்பாள்.

நான் படித்த விதியோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கொதிக்க வையுங்கள், அதற்கு முன் பரிசோதியுங்கள்.