கறவைப் பசுவும் காலக் கணக்கும்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய தலைமையாசிரியர் மாட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் வியக்கலாம். நாம் பேசப் போவது கல்வியைப் பற்றித்தான். தேதியைக் குறித்து வைக்கவும் கூட்டிக் கழிக்கவும் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அவ்வீட்டுப் பசு காலத்தில் கன்று ஈனும். இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையை அரசுக்கு எழுதினார். 1892-இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. நாவலூரைச் சுற்றி மாடு மேய்ந்த இடங்களில் அடுக்குமாடிகளும் கணிப்பொறி நிறுவனங்களும் எழுந்துவிட்டன. நிலமற்ற குடும்பம் பலவற்றிற்கு எஞ்சிய சொத்து, தாட்கோ கடனிலோ மகளிர் குழுக் கடனிலோ வாங்கிய ஒற்றைப் பசுதான். அது சினைப்படாமல் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

காத்து நின்ற காலம்

நாம் சிறுவராய் இருந்தபோது பசு நம் சேரியில் இருந்தது. காளை ஊர்த்தெருவில் இருந்தது. பசு கத்தத் தொடங்கியதும் நம் தந்தையார் அதை ஓட்டிச் சென்று, காளைக்குரியவரின் களத்து மேட்டிற்கு அப்பால் தள்ளி நிற்பார். பிறர் மாடுகளெல்லாம் முடிந்த பிறகே நம் முறை வரும். சில நாள்களில், “நாளைக்கு வா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் பசு அடங்கியிருக்கும். தந்தையார் ஒன்றும் பேசாமல் வீடு திரும்புவார். அந்த மௌனத்தின் பொருள் நமக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

இந்தியாவில் செயற்கை முறைக் கருவூட்டலை 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் முதன்முதலாகச் செய்தார். இன்று திரவ நைட்ரஜனில், பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகைக் குளிரில் காக்கப்படும் உறைவிந்து நம் கால்நடை மருந்தகங்களுக்கே வந்து சேர்கிறது. நம் மக்கள் ‘சினை ஊசி’ என்று சொல்லும் இவ்வறிவியல், பிறர் களத்து மேட்டில் காத்து நிற்கும் நிலையிலிருந்து நம்மை விடுவித்தது. எனினும் நம் பசுக்கள் பல இன்னும் காலத்தில் சினைப்படவில்லை. காரணம் என்ன?

கணக்குச் சொல்லும் பாடம்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், 365-இல் 280 போக எஞ்சும் 85 நாள்களுக்குள் அது மீண்டும் சினையாக வேண்டும். ஈன்றபின் கருப்பை தேற 60 நாள் விடுவது வழக்கம். மீதி 25 நாளே. பருவமோ 21 நாளுக்கு ஒருமுறை வருவது. வந்தால் 12 முதல் 18 மணி நேரமே நிற்பது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடவேண்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண்.

கத்துதல், பால் குறைதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை பருவத்தின் அறிகுறிகள். வேறொரு மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்பதே உறுதியான அடையாளம். ஒற்றைப் பசு உள்ள வீட்டில் தாவுவதற்கு வேறு மாடு ஏது? பருவம் இரவில் வந்து போவதும் உண்டு. அடுக்குமாடி வீடுகளுக்கு விடியலில் வேலைக்குச் செல்லும் தாய் அதை எவ்வாறு காண்பாள்?

நம் மாணவி ஒருத்தி, தன் வீட்டுப் பசுவுக்கு ஊசி போட்ட நாள்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அதனைக் கண்ட கால்நடை மருத்துவர், “ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் 42 நாள் இருக்கிறதே, நடுவில் ஒரு பருவம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது” என்றார். பசுவை ‘மலடு’ என்று சொல்லி விற்க இருந்தார்கள். மலடு பசுவில் இல்லை. நம் கவனிப்பில் இருந்தது. அப்பக்கமே அந்தப் பசுவைக் காத்தது.

பருவத்திற்குக் காத்திராத முறை

பருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லாத முறை ஒன்றும் உண்டு. அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகியோர் 1995-இல் இதனை வெளியிட்டனர். முதல் நாள் ஓர் இயக்குநீர் ஊசி போடுவர். ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளான்டின் ஊசி. மேலும் இரண்டு நாள் கழித்து முதலில் போட்ட மருந்தே மீண்டும். முதல் ஊசி சூலகத்தில் புதிய கருமுட்டைப் பையை வளரத் தூண்டும். இரண்டாவது, பருவத்தைத் தடுத்து நிற்கும் மஞ்சட் திரளைக் கரைக்கும். மூன்றாவது, கருமுட்டையை வெளிப்படுத்தும். அதன்பின் 16 முதல் 20 மணி நேரத்தில், பருவ அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சினை ஊசி போடப்படும்.

இதன் பயனைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு தெருவில் பத்துப் பசுக்கள் உள்ளன என்று கொள்வோம். நான்கின் பருவமே கண்ணில் படுகிறது. அவற்றுள் இரண்டு சினையாகின்றன. குறித்த நேர முறையிலோ பத்துக்கும் ஊசி விழுகிறது. பத்துக்கு மூன்றோ நான்கோ பலித்தாலும் கன்று கூடுதல்தானே? ஓர் ஊசியின் ஆற்றல் பெருகுவதில்லை. எந்தப் பசுவும் விடுபடுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

ஆயினும் இது மந்திரமன்று. மெலிந்த பசுவுக்கு எந்த ஊசியும் பலிக்காது; பசுந்தீவனமும் தாது உப்பும் குடற்புழு நீக்கமும் முதலில் வேண்டும். புரோஸ்டாகிளான்டின் சினைப் பசுவின் கருவைக் கலைத்துவிடும். ஆதலால் சினைப் பரிசோதனைக்குப் பின்னரே, மருத்துவர் கையாலேயே போடவேண்டும். அது தோல் வழியே உடலில் ஏறக்கூடியது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா நோயுடையோரும் அம்மருந்தைத் தொடலாகாது. ஒரு நாள் தவறினாலும் முறை கெடும். ஊசி நாள்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

இளைஞர்களே! ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், சினை பார்த்த நாள் என நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் நம் தெருவில் ஒவ்வொரு பசுவுக்கும் இருக்கட்டும். எழுதத் தெரியாத வீட்டிற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். ஐயம் எழுந்தால் நம் மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தை நாடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது நம் வரிப்பணத்தில் நடப்பது.

நம் தந்தையார் கைகட்டித் தொலைவில் நின்றார். நீங்கள் கையில் நோட்டுப் புத்தகத்துடன் மருந்தகத்தின் உள்ளே சென்று, மருத்துவர் முன் அமர்ந்து பேசுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் எழுத்துக் கற்பித்தது அதற்காகவே.