ஹீட்டர் சுடவில்லை என்றால் சிரிக்க வேண்டாம்

(தோட்டச் சாரதிகள், தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தை மாதப் பனியில் பிரட்டுக்களத்திலிருந்து லொறி புறப்படும்போது, சாரதி ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னால் நம் ஆட்கள் நிற்கிறார்கள். "ஹீட்டர் சூடு வரவில்லை" என்று அவர் அலுவலகத்தில் சொன்னால், "உனக்கு ஹீட்டர் வேறு கேட்குதா?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ஹீட்டருக்குத் தனி நெருப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றிச் சூடாகும் தண்ணீரில் ஒரு பங்கு, சாரதியின் கால்மாட்டுப் பக்கமுள்ள சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன்மேல் அடிக்கும் காற்றுதான் சூடு. ஆகவே ஹீட்டர் குளிர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

என்ஜின் சூடேறியதும் நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் பிழை காற்றாடியிலோ காற்றுத் தட்டிலோ இருக்கிறது. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்கிறது.

ஏற்றத்தில் சூடாக வந்த காற்று திடீரென்று குளிர்ந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். வெப்பமானி முள் சரியாகத்தானே நிற்கிறது என்று நம்ப வேண்டாம். அதன் முனை தண்ணீரில் நனைந்திருந்தால்தான் முள் உண்மை சொல்லும்.

இன்னொன்று. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். என்ஜின் சாதாரணமாக ஓடுவதே 80, 90 பாகையில். இடையில் நம்மைக் காப்பது ரேடியேட்டர் மூடி தண்ணீரை அமுக்கி வைக்கும் அழுத்தம் மட்டும்தான். மூடியின் ரப்பர் தேய்ந்தால் அந்தக் காவலும் போய்விடும். கொழும்பில் தாங்கும் லொறி நம் மலையில் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு புது மூடி வாங்கித் தருவதற்கு எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கிறது!

வழியில் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்துக்குக் குற்றமில்லை. ஆனால் அதிலுள்ள மண்ணும், கூலன்ட் இல்லாததால் பிடிக்கும் துருவும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களைத்தான் முதலில் அடைக்கும். பிறகு பெரிய ரேடியேட்டரையும் விடாது.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, சூடாகாது" என்று சொல்லும் கராஜ் பாஸ்மாரும் இருக்கிறார்கள். பனியில் அப்படிச் செய்தால் என்ஜின் சூடேறவே நேரமெடுக்கும், டீசல் கூடப் பிடிக்கும், தேய்மானம் கூடும், கண்ணாடிப் புகாரும் விலகாது. கெட்டுப்போனால் புதியது போடுவதுதான் முறை.

கொதிக்கும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். அவசரம் என்று பின்னாலிருந்து நாம்தான் சத்தம் போடுகிறோம், அதையும் நிறுத்த வேண்டும்.

ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டால் நடப்பது என்ன? வக்யூம் உதவியோடு பிடிக்கும் பழைய பிரேக், இரண்டு மூன்று மிதிக்குப் பின் கல்லாகிவிடும். லொறி பின்னோக்கி உருளும். பின்னால் நிற்பது கொழுந்துச் சாக்கு மட்டுமல்ல.

ஆகவே சாரதிமாரே, ஹீட்டர் குளிர்ந்த அன்றே ரன்னிங் சார்ட்டில் திகதியோடு எழுதுங்கள். வாயால் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழி மட்டும் உங்கள் தலையில் வந்து விழும். எழுதியதைப் படம் பிடித்துத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். மூன்று நாளில் பதில் வராவிட்டால் நாங்கள் துரையிடம் போகிறோம். ஆளேற்ற வேண்டாம் என்று சாரதி சொன்னால், அவர் பக்கம் நிற்பது பின்னால் ஏறுகிற நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.

வெளியே நிற்கும் லொறி காலையிலிருந்து ஓடவில்லை, என்ஜின் ஆறியிருக்கிறது. பெண்களும் வாருங்கள். மூடியைத் திறந்து அந்த ரப்பரை எல்லோரும் ஒருமுறை பார்ப்போம்.